ஒரே நேரத்தில் எடுத்த தண்ணீர்

போகிற இடமெல்லாம் எனக்காகப் பேசிய மச்சானுக்கு,

நாளை மறுநாள் எனக்கு வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் என் பெயரைப் பார்த்ததும் நிற்காமல் நடந்துவிட்டேன். நின்றால் அது நான்தான் என்று யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று பயம்.

சிரிப்பீர்கள் என்று தெரியும். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பெண்ணின் அண்ணனான நீங்களே பதில் சொன்னீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு ஆய்வுக்குப் பதிவு செய்யப் போனபோதும் அப்படித்தான். "எங்க வீட்டுக் கெணத்துல கோடையானா தண்ணி உப்புக் கரிக்குதுங்க. ஏன்னு இவரு கண்டுபிடிப்பாரு. எழுதச் சொன்னா எழுதுவாரு, பேசத்தான் வராது" என்று துறைத் தலைவரிடம் நீங்கள் சொன்னதைக் கேட்டு அந்த அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அரசலாற்றில் கோடையில் கடல்நீர் எவ்வளவு தூரம் ஏறி வருகிறது, கரையோரக் கிணறுகளை அது என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. அதை முடித்துச் சமர்ப்பித்தபோது நீங்கள் இல்லை. அட்டை போட்டு வந்த முதல் படியை உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கலாமா என்று யோசித்தேன். எழுத்துப் பிழை ஏதாவது இருந்தால் என்ன செய்வது என்று வைக்கவில்லை.

இப்போதைய என் நாட்களைச் சொல்கிறேன். காலையில் கடற்கரை வரை நடை. பிறகு பத்திரிகையில் குறுக்கெழுத்து, பென்சிலால்தான். பத்து மணிக்குக் கல்லூரி. ஆய்வு மாணவர் அறையில் என் மேசை ஜன்னலோரம். மற்றவர்கள் எல்லோரும் என் மகள் வயதுக்கும் இளையவர்கள். "சார், உங்க வைவாவுக்கு டிபன் கேசரியா, பிரியாணியா? இப்பவே சொல்லிடுங்க, காலைல சாப்பிடாம வரணும்ல" என்று ஒரு பெண் கேட்கிறாள். தேர்வன்று வந்தவர்களுக்கெல்லாம் மாணவர்தான் சிற்றுண்டி கொடுக்க வேண்டும், அது இங்கே எழுதாத சட்டம். மாலையில் தூண்டிலோடு முகத்துவாரம். நீங்கள் உட்காரும் கல்லில் இப்போது யாரோ ஒருவர் காதில் கம்பி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் வெளியூர்த் தேர்வாளரின் அறிக்கை வந்தது. என் நெறியாளர் மேடம் அதைத் தன் மேசையில் வைத்து எனக்குப் படித்துக் காட்டினார். தேர்வாளர் நிறையப் பாராட்டியிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: மாதிரிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டிருக்கின்றனவே, கடல் ஏற்ற இறக்கம் கணக்கில் கொள்ளப்பட்டதா?

மச்சான், அது சரியான கேள்வி.

நான் எப்படித் தண்ணீர் எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். சரியாகக் காலை ஆறரை மணி. ஒரு நிமிடம் முன்னால் போய்விட்டால்கூடக் கரையில் காத்திருப்பேன். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தில் பேருந்து தாமதமாகும் என்று அந்தக் கிழமையையே விட்டுவிட்டேன். எல்லா மாதிரிகளும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை என்று மூன்றாம் இயலில் பெருமையாக எழுதியும் வைத்தேன்.

ஆனால் கடலுக்கு ஆறரை மணி என்று ஒன்று இல்லையே. அது ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் நாளுக்கு நாள் தள்ளிப் போகிறது. நான் ஒரு நாள் ஏறிய தண்ணீரை எடுத்திருக்கிறேன், இன்னொரு நாள் இறங்கிய தண்ணீரை. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போட்டிருக்கிறேன். இத்தனை வருடம் அந்தக் கரையில் தூண்டில் போட்டவன் நான். மீன் கடிக்கும் நேரத்துக்குக் கடலைப் பார்த்தேன், ஆய்வுக்கு மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன். இதை என்னவென்று சொல்வது?

நெறியாளர் நல்லவர். என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். "சார், இதுக்கெல்லாம் பயப்படாதீங்க. ஆய்வின் எல்லைன்னு ஒரு வரி சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுங்க. யாரும் நோண்ட மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஆனாலும் மனம் நிற்கவில்லை. உப்பு அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு இந்த வாரம் ஆற்றுக்குப் போனேன். உங்கள் தங்கையும் கூட வந்தாள், வெயிலில் நான் விழுந்துவிடுவேன் என்று. கடல் இறங்கியிருந்தபோது ஒரு தடவை, ஏறியபோது ஒரு தடவை, ஒவ்வோர் இடத்திலும். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன கருக்களாச்சேரிக்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன பெரியவரே, காலைல மொண்டீங்க, மறுபடியும் மொள்ளுறீங்க? தண்ணி மாறிப் போச்சா?"

"அதத்தாங்க இவுங்களும் தேடுறாங்க" என்றாள் உங்கள் தங்கை, குடையைச் சாய்த்தபடி. "அஞ்சு வருசமா கண்ணுல படாத உப்பு இப்ப எங்கேருந்து வந்துச்சுன்னு."

மாறித்தான் போயிருந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் காலைக்கும் பிற்பகலுக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர் என்று சொல்ல முடியாத வித்தியாசம். உங்கள் ஊர்ப் பக்கம் மேலே போகப் போக, கடல் ஏறினாலும் இறங்கினாலும் மீட்டர் அசையவே இல்லை. அப்படியானால் அந்தப் பக்கத்துக் கிணறுகளைப் பற்றிய ஐந்தாம் இயல் நிற்கும் என்று நினைக்கிறேன். மூன்றாம் இயல் நிற்காது. அதைச் சொன்னால் திருத்தி எழுதச் சொல்லலாம். அதற்கு இன்னும் ஒரு கோடை முழுவதும் அளக்க வேண்டும். அந்தக் கோடையில் என்னால் ஆற்றங்கரையில் இறங்கி ஏற முடியுமா? தெரியவில்லை. சொல்லாவிட்டால் நாளை மறுநாள் மதியம் என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம். பூவத்திலிருந்து உங்கள் சின்ன மகள் வேன் பிடித்து எல்லோரையும் அழைத்து வருகிறாளாம். முன்வரிசையில் உட்காரப் போகிறார்களாம்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். உடல்நிலை சரியில்லை, தேர்வைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கணினியில் ஒரு விண்ணப்பம் தட்டினேன். அனுப்பவில்லை. உங்கள் தங்கை காபி கொண்டுவந்தவள் திரையைப் படித்துவிட்டாள்.

"ஒடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப எழுதியிருக்கிறது யாருக்கு, எனக்கா?"

நான் திரையை மூடினேன். "மச்சான் இருந்திருந்தா பேசியிருப்பாரு" என்றேன்.

"பேசியிருப்பாரு. மைக்கைப் புடிச்சா விடவும் மாட்டாரு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா இந்தக் கேள்விக்கு என்னங்க சொல்லியிருப்பாரு? எங்கண்ணனுக்குத் தெரியாதே. ஆத்துல எறங்கி மொண்டது நீங்கதானே?"

அதற்குப் பிறகு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து, வாய் திறக்க வேண்டிய இடத்திலெல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். நீங்கள் இல்லாத இந்த ஒரு வருடமும் மனதுக்குள் அங்கேயேதான் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. இந்த ஒரு கேள்விக்கு முன்னால் மட்டும் நீங்கள் வந்து நிற்க முடியாது. உயிரோடு இருந்தாலும் முடியாது. இது எனக்கு ஏன் இத்தனை தாமதமாகப் புரிந்தது?

விண்ணப்பத்தை அழித்துவிட்டேன். இன்று கல்லூரிக்குப் போய் நெறியாளரிடம் புதிய அளவுகளைக் காட்டினேன். தலைப்புக்கு அடுத்த முதல் ஸ்லைடில் "மூன்றாம் இயலில் உள்ள தவறு" என்று போட்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முதல்லயேவா சார்? அவங்க கேக்குறப்ப சொன்னாப் போதுமே?"

"இல்லங்க மேடம். கேக்குற வரைக்கும் காத்திருந்தா எனக்கு அந்த ஒரு வரி ஞாபகம் வந்துடும்."

அவர் திரையை இன்னொரு முறை பார்த்தார். "வெளியூர்லேருந்து வர்றவரு மறுபடி அளங்கன்னு சொன்னா?" என்றார். நான் அளவுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஸ்லைடு அங்கேயே இருக்கிறது.

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மச்சான், நாளை மறுநாள் நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, நான் அளந்தது தவறு என்று என் வாயாலேயே சொல்வேன். முனைவர் ஆனாலும் சரி, ஆகாமல் மறுபடி ஆற்றில் இறங்கினாலும் சரி, அதை இன்னொருவர் சொல்ல விடமாட்டேன்.

இப்படிக்கு,
இனித் தானே பேசப் போகும்
உங்கள் மாப்பிள்ளை