காலி செய்வதற்கான காரணம்

ஜூன் 3, திங்கள்

அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. சரக்குப் பட்டியலில் எடையை இரண்டு முறை தப்பாக அடித்தேன். மேனேஜர் "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். காலையில் குளித்துக்கொண்டிருந்தபோது, படிக்கட்டுப் பக்கத்து ஜன்னல் இடுக்கில் ஒரு போன். பிடித்திருந்த கையில் பச்சை குத்திய நங்கூரம். விஜயராஜ். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி அமலோற்பவம் அக்காவின் மகன். கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்து பத்து நாள்தான் ஆகிறது.

நான் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை?

ஜூன் 4

தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கிடையாது என்று இந்த முத்தையாபுரத்தில் ஏழு வாசலில் சொன்னார்கள். அக்கா மட்டும்தான் "தங்கச்சி மாதிரி இரி" என்று சாவியைத் தந்தாள். டைபாய்டில் கிடந்தபோது மூன்று வாரம் கஞ்சி கொண்டுவந்தாள். அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வேன்?

ஜூன் 5, புதன்

ஒப்பந்தப்படி ஒரு மாத நோட்டீஸ். ஜூலை 5 அன்று மாடி வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறேன் என்று எழுதினேன். காரணம்? வேம்பாரில் அம்மாவுக்கு உடல்நலமில்லை. அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள் — மன்னிச்சிரும்மா.

அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "ஏளா அனுசியா, நமக்குள்ள லெட்டர் எதுக்கு? வாயால சொன்னாப் போதாதா?" என்றாள். பிறகு நகலில் கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

ஜூன் 9

குளியலறை ஜன்னலை அட்டை வைத்து அடைத்தேன்.

ஜூன் 16

அட்டையைக் கிழித்திருக்கிறான். இனி விளக்கை அணைத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

வீடு பார்க்க இரண்டு நர்சுகள் வந்தார்கள். ஜெயபிரியா என்ற பெண் என் நம்பரை வாங்கிக்கொண்டு, "நல்லா காத்து வருதே, நீங்க ஏங்க்கா காலி பண்ணுதீங்க?" என்று கேட்டாள். "அவ அம்மாவுக்குச் சொகமில்ல" — அக்கா முந்திக்கொண்டாள். நான் தலையாட்டினேன்.

தலையாட்டினேனே! அந்தப் பிள்ளைகளும் அந்தக் குளியலறையில்தானே — சே.

ஜூன் 24

சொல்லிட்டேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லக்கா. நான் குளிக்கையில விஜயராஜ் படம் எடுத்தான்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்ளா. உன் லெட்டரப் பாத்தன்னைக்கே தெரியும். உனக்கு முன்ன இருந்த பிள்ளையும் இப்படித்தான் அவசரமாப் போச்சு."

"தெரிஞ்சுதான் எனக்குச் சாவியத் தந்தியாக்கா?" என்றேன்.

"பெத்துட்டேனே, எங்க கொண்டு போட?" என்று அழுதாள். நான் அழவில்லை. அந்தக் கஞ்சியெல்லாம் இப்போது தொண்டைக்கு வருகிறது.

ஜூன் 25

ஜெயபிரியாவுக்குப் போன் செய்து சொன்னேன். "முந்தாநேத்து வந்தப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். ஆமாம்.

மதியம் லீவு போட்டு மகளிர் காவல் நிலையம். எழுதிக் கொடுத்தேன். இந்த முறை பொய் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றியாயிற்று. அக்கா வெளியே வரவில்லை. சாவியை அவள் வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8

ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். விஜயராஜைப் பிடித்துவிட்டார்களாம். அவன் ஒளித்து வைத்திருந்த போனைக் கொண்டுவந்து கொடுத்தது அவன் அம்மாவாம். பஸ்ஸில் தனியாக வந்தாராம்.

அக்காவைக் கூப்பிட நம்பரை எடுத்தேன். கூப்பிடவில்லை.