உலர்த்தியில் காற்று வரவில்லை

நாள் 88, 08:10
செவ்வாய் நிலையம். எழுதுவது பொறியாளர் ஞானசெல்வி. வழக்கமான நாள். நிலவியலாளர் மாசிலாமணி பாறை எடுக்க வண்டியில் போயிருக்கிறார். நான் துணி துவைத்தேன். என் விண்வெளி உடையின் உள் அங்கியும் அதில் சேர்த்தி. உலர்த்தி ஒரு சுற்று முழுக்க ஓடியும் எல்லாம் சொதசொத. பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்து மறுபடி போட்டிருக்கிறேன்.

10:25
மாசிலாமணி வானொலியில் கூப்பிட்டார். வண்டிச் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. காற்றுத் தொட்டியிலும் கசிவு. அவர் உடைக்கும் அதிலிருந்துதான் காற்று, இறங்கி நடந்து வர முடியாது. மாற்றுத் தொட்டியை நான் கொண்டுபோனால்தான் அவர் பிழைப்பார். நடக்கிற தூரம்தான். ஆனால் அங்கி ஈரம். அது இல்லாமல் உடை பூட்டிக்கொள்ளாது. ஈரத்தோடு வெளியே போனால் முகக் கண்ணாடியில் பனி மூடிவிடும், பாதி வழியில் குருடாகிவிடுவேன். இருக்கிற இன்னொரு அங்கி அவர் உடம்பில். கொடியில் போட்டால் நாளைக்குத்தான் காயும்.

வானொலியில் அவர்: "பதறாதீங்க செல்வி. காத்து பொழுது சாயற வரைக்கும் இருக்குதுங்க. நல்லா காய வெச்சுட்டே வாங்க."

11:05
சனியன் பிடித்த மெஷின்! சூடாகிறது, சுற்றுகிறது, காற்று மட்டும் வெளியேறவில்லை. பின்னால் நசுங்கியிருந்த குழாயை நிமிர்த்தினேன். ம்ஹும். குழாயைக் கழற்றிவிட்டால் காற்று முகத்தில் அடிக்கிறது. அப்படியானால் அடைப்பு சுவருக்குள். கழற்றியபடியே ஓட்டலாமென்றால், அறையில் ஈரம் ஏறியதும் பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. அறிவுகெட்ட அமைப்பு.

11:50
சுவர்ப் பலகையைப் பெயர்த்தேன். குழாய் வளைவில் பஞ்சும் ஏதோ வெள்ளைப் பசையும் சேர்ந்து அட்டையாக இறுகிக் கிடக்கிறது. மோந்து பார்த்தேன். சோற்றுக் கஞ்சி!

வானொலியில் அவரைக் கேட்டேன். "பொங்கலுக்கு வேட்டி கட்டோணுமுங்களே. கஞ்சி போட்டாத்தானுங்க வெறப்பா நிக்கும். பிழியாமயே உள்ள போட்டுட்டனுங்க. நாலஞ்சு வாட்டி."

செவ்வாயில் இவர் வேட்டியை எவன் பார்க்கப் போகிறான்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். சிரித்தார். சிரிக்கும்போது மூச்சு வாங்கியது. காற்று போதுமா என்று கேட்டேன். "தாராளமா இருக்குதுங்க."

12:40
வெந்நீர் ஊற்றி, திருப்புளியால் சுரண்டி, நகம் இரண்டு போய்விட்டது. அடைப்பு விட்டது. காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. அங்கி உள்ளே சுற்றுகிறது.

13:30
இடுப்புப் பட்டியில் மட்டும் லேசான ஈரம். இப்படியே கிளம்புகிறேன் என்றேன். "வேண்டாமுங்க. இன்னொரு சுத்து ஓட்டுங்க. சொன்னாக் கேளுங்க." எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனாலும் ஓட்டினேன்.

14:20
செயற்கைக்கோள் இப்போதுதான் தலைக்கு மேல் வந்தது. வண்டியின் தானியங்கி அறிக்கை கிடைத்தது. கசிவு தொடங்கியபோதே அவர் முன்னால் திரையில் எழுதிக் காட்டியிருக்கிறது: காற்று 14:00 மணியைத் தாண்டாது.

தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் ஈரத்தோடு ஓடிவந்து நானும் செத்துப்போவேன் என்று. பாவி மனுசன்.

கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அங்கியில் பொட்டு ஈரமில்லை. போட்டுக்கொண்டேன். இளஞ்சூடாக இருக்கிறது. தொட்டி கையில். கதவு திறக்கிறது.

மாசிலாமணி, இந்தா வந்துட்டேன். பேசுங்க. எதையாவது பேசு