பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இறந்தவர்

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீ நன்றாக இருப்பதாக உன் அக்கா தினமும் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். நீ தூங்குகிறாய், குளிக்கிறாய், இப்போதுதான் வெளியே போனாய் என்றும் சொல்கிறார். இருபத்திரண்டு நாளில் ஒருவர் இத்தனை முறை குளிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே கடிதம். இது மூன்றாவது பிரதி. முதல் இரண்டிலும் பத்திகளுக்கு எண் போட்டிருந்தேன். படித்துப் பார்த்தால் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மாடியில் இருப்பவர்கள் மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். நான் சமைத்துக்கொள்கிறேன். தினமும் ஒரே சமையல்தான், உப்பு மட்டும் நாளுக்கு நாள் மாறுகிறது. உன் மேஜையைத் துடைக்கிறேன். எந்தத் தாளையும் நகர்த்துவதில்லை, தாள்களைச் சுற்றித் துடைக்கிறேன். அசதியாக இருக்கிறது. வேலையால் அல்ல. காரணம் சொல்லத் தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். ரயில்வேயில் முப்பத்தோரு வருஷம் நேர அட்டவணை போட்டவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

நமக்குக் கல்யாணமான இந்த நாற்பது வருஷமாக உன் தொடர்கதைகளின் ஒவ்வொரு அத்தியாயமும் என் நோட்டைத் தாண்டித்தான் பத்திரிகைக்குப் போயிருக்கிறது. குதிரை ஒரு பகலில் எத்தனை காதம் ஓடும், அமாவாசைக்கு மறுநாள் காதலர்கள் நிலா வெளிச்சத்தில் சந்திக்க முடியுமா, இடது தோளில் பட்ட அம்பு அடுத்த வாரம் வலது தோளில் வலிக்கிறதா என்றெல்லாம் பார்ப்பது என் வேலை. காதலும் கத்திச்சண்டையும் உன் பொறுப்பு, தூரமும் நேரமும் என்னுடையது. தேதி, இடம், பிழை, திருத்தம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதிவைப்பேன். நீயும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாய்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் அடுப்பை அணைக்காமல் எழுத வந்துவிட்டாய். அப்போது என் கையில் இருந்தது அந்த நோட்டுதான். இடம் என்ற கட்டத்தில் சமையலறை என்று எழுதினேன். திருத்தம் என்ற கட்டத்தில், நான் அணைத்தேன் என்று எழுதினேன். பிறகு உன்னிடம் சொல்லாமல் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மறதிகளைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். வேறு நோட்டு ஒன்று வாங்கியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. இருபதாம் அத்தியாயத்துக்கும் இருபத்தொன்றாம் அத்தியாயத்துக்கும் நடுவில், மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நீ நின்ற நாளும் அந்த நோட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் முப்பத்தொன்றாம் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சுங்கச்சாவடியின் பின்னறைக்குள் வைத்தியர் மகள் நுழைகிறாள். உள்ளே தளபதி உட்கார்ந்திருக்கிறார். "விளக்கை அணை, அவர்கள் கரையில் இறங்கிவிட்டார்கள்" என்கிறார். அவள் அணைக்கிறாள். படிப்பதை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தேன். அந்தத் தளபதி பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அமைச்சரின் ஆட்கள் கயிற்றுப் பாலத்தை அறுத்தபோது ஆற்றில் விழுந்து இறந்தவர். "அத். 31. தளபதி பேசுகிறார். இறந்து 19 வாரம்" என்று எழுதினேன். திருத்தம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நோட்டைத் திறந்தபடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ நின்றுகொண்டே படித்துக்கொண்டிருந்தாய்.

நீ கத்தவில்லை. "இது யாருக்கு?" என்று மட்டும் கேட்டாய். டாக்டருக்கு என்றேன். "டாக்டர் கதையெல்லாம் படிப்பாரா?" என்றாய். பிறகு இன்னும் நாலைந்து பக்கம் புரட்டினாய். "இதுல எங்கயுமே நான் இல்லீங்க. பிழைதான் இருக்கு" என்றாய். மாலை வண்டிக்குக் கிளம்பிவிட்டாய். அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லச் சொன்னாய். சொன்னேன்.

புதன்கிழமை பத்திரிகையிலிருந்து அத்தியாயத்தை வாங்க ஆள் வந்தபோது என் கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. தளபதி என்பதை அடித்துவிட்டு தளபதியின் தம்பி என்று எழுதினால் போதும், யாருக்கும் தெரியாது. என்னால் எழுத முடியவில்லை. இதைத் துணிச்சல் என்று நினைக்காதே. நீ சொன்னதற்குப் பிறகு உன் எழுத்தின் மேல் பென்சில் வைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக, நீ எழுதியது எழுதியபடியே போயிற்று.

அடுத்த வியாழக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருஷமாக நான் மூடி மறைத்தது ஊருக்கே தெரியப்போகிறது, ஜனங்கள் உன்னைப் பார்த்துப் பரிதாபப்படப் போகிறார்கள் என்று பயந்தேன். இதழ் வெளிவந்த மறுநாள் இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைப் பெண்ணை உனக்கு நினைவிருக்கும். அன்று உன்னைக் கைப்பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டவள். பிழையை அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள் என்று நினைத்தேன். சீட்டைக்கூட வாங்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"சார், அந்தப் பொண்ணு ஆச்சரியப்படவே இல்ல, கவனிச்சீங்களா? செத்துப்போனவர் எதிர்ல உக்காந்து பேசறாரு, இவ பாட்டுக்கு விளக்கை அணைக்கிறா. அப்ப அவளுக்கு முன்னாடியே தெரியும் சார். இத்தனை வாரமா நம்மகிட்டயே மறைச்சிருக்கா, கள்ளி."

மாத்திரையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆசிரியர் வந்தார். நாற்பத்து மூன்று கடிதங்கள் கொண்டுவந்திருந்தார். இரண்டே பேர்தான் தவறு என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் போல ஓய்வுபெற்றவர், கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மற்ற நாற்பத்தொரு பேருக்கும் ஒரே கேள்விதான்: ஆற்றில் விழுந்தவர் எப்படிப் பிழைத்தார்? "அம்மா பெரிய ஆளு சார், எங்களையே ஏமாத்திட்டாங்க" என்றார் ஆசிரியர். நான் தலையாட்டினேன். அது பொய்யா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எழுத்தாளர் வெளியூர் போயிருக்கிறார் என்று ஒரு வாரம் போட்டாயிற்று. இந்த வாரமும் போடுவார்களாம். மூன்றாவது வாரம் அப்படிப் போட்டால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள் என்கிறார். அடுத்த திங்கட்கிழமைக்குள் அத்தியாயம் வேண்டும்.

நானே எழுதிப் பார்த்தேன். சிரிக்காதே. ஆற்றின் அகலம், வெள்ளத்தின் வேகம், கவசத்தின் எடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதினேன். மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் அந்த மனிதர் மூழ்கிவிட்டார். உயிரோடு வந்துவிட்ட ஒருவரை மறுபடி மறுபடி ஆற்றில் தள்ளிக்கொண்டிருப்பது எனக்கே அருவருப்பாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகுதான் பன்னிரண்டாம் அத்தியாயத்திலிருந்து உன் கையெழுத்துப் பிரதிகளை எடுத்து மறுபடி படித்தேன். இதைத்தான் உனக்கு எழுத நினைத்தேன். சுற்றி வளைத்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

பதினைந்தில் வைத்தியர் மகள் ஆழமான காயத்துக்கான களிம்பு அரைக்கிறாள். வீட்டில் யாருக்கும் காயமில்லை. பதினாறில் அவள் அப்பா இறந்துபோகிறார். பதினெட்டில் தனியாக இருக்கும் அந்தப் பெண் இரண்டு தட்டில் சோறு போடுகிறாள். பிழை என்று குறித்து, ஒரு தட்டாக மாற்றியிருக்கிறேன். இருபத்திரண்டில் அமைச்சரின் மகன் பெண் கேட்கும்போது, "கேட்டுச் சொல்கிறேன்" என்கிறாள். அப்பா இறந்து ஆறு அத்தியாயம் ஆகிவிட்டது, யாரைக் கேட்பாள்? "யோசித்துச் சொல்கிறேன்" என்று திருத்தியிருக்கிறேன். தளபதிக்காக அவள் எந்த இடத்திலும் அழவில்லை. அழுகையைச் சேர்க்கச் சொல்லி இருபத்து நான்கின் ஓரத்தில் நான்தான் எழுதியிருக்கிறேன். நீ சேர்க்கவில்லை.

எல்லாம் முதலிலிருந்தே உன் மனதில் இருந்ததா? நீ விட்டுவைத்த தடயங்களை ஒவ்வொன்றாக நான் அழித்துக்கொண்டு வந்திருக்கிறேனா? அச்சில் பார்த்துவிட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தாயா? அல்லது இதெல்லாம் தற்செயல்தானா, மருந்துக்கடைப் பெண் சொன்னதால் என் கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா? எத்தனை முறை படித்தாலும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. எது மறதி, எது நீ வேண்டுமென்றே செய்தது என்று பிரித்துச் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நினைத்து ஒரு வருஷம் நோட்டு எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வரி: "காலையில் என்னைப் புது மாப்பிள்ளை என்று அழைத்தாள். திருத்தம்: எதுவும் சொல்லவில்லை." அன்று நான் சலவைச் சட்டை போட்டிருந்தேன். நீ கேலி செய்திருக்கிறாய். நான் அதை டாக்டருக்காக எழுதிவைத்திருக்கிறேன்.

ஆனாலும் அடுப்பு அடுப்புதான். நீ வழி தெரியாமல் தெருவில் நின்றதும் உண்மை. அதைப் பார்த்து நான் பயந்தேன், இன்னும் பயப்படுகிறேன். எல்லாமே என் தவறு என்று எழுதி உன்னைச் சமாதானப்படுத்த ஆசையாகத்தான் இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மறைத்துத்தான் பழக்கம். அடுத்த மாதம் பதினான்காம் தேதி டாக்டர் உன்னைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார். போக வேண்டும் என்று நினைக்கிறேன். நான் எதையும் எழுதி எடுத்து வரமாட்டேன். உனக்கு என்ன தெரிகிறதோ நீயே சொல். வெளியே உட்கார் என்றால் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். இதை நாற்பத்து மூன்று பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தளபதி எப்படிப் பிழைத்தார் என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அதற்கு நீ ஏதாவது வழி வைத்திருப்பாய். அந்தப் பெண்ணைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? இத்தனை பெரிய விஷயத்தைத் தனியாக எப்படிச் சுமந்தாள்? அந்த வீட்டில், அந்த ஊரில், நம்பிச் சொல்ல அவளுக்கு ஒரு ஆள்கூட இல்லையா?

பதிலை எழுதி அனுப்பச் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை ஆறு பத்து வண்டியில் கிளம்புகிறேன். நடுவில் ஒரு இடத்தில் வண்டி மாற வேண்டும், அதற்கு ஒன்பதே நிமிடம்தான் இருக்கிறது. அந்த அட்டவணையைப் போட்டவன் நான்தான், ஒரு முறைகூட அதில் தனியாகப் போனதில்லை. பகல் இரண்டு மணிக்கு உன் அக்கா வீட்டு வாசலில் நிற்பேன். வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவருகிறேன். பென்சில் கொண்டுவரவில்லை. கதவைத் திறக்க மனமில்லாவிட்டால் ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்து சொல். வெளியில் நின்றபடியே எழுதிக்கொள்கிறேன். முன்னால் என்ன நடந்தது என்று எந்த இடத்தில் சந்தேகம் வந்தாலும் கேள், எத்தனை முறை கேட்டாலும் சொல்கிறேன்.

உன் அக்காவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தை அவர் முதலில் படித்திருந்தால் அதற்கும் சேர்த்து.

வேளைக்குச் சாப்பிடு. வெளியே போனால் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்