காலியாக விட்டிருந்த கட்டம்

என் தங்கமான தம்பி வேலுவுக்கு,

பொங்கல் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. நம் ஜெராக்ஸ் கடை செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரில், அதே இடத்தில்தான் இருக்கிறது. அமாவாசை வந்தால் மேல்மலையனூர் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் வழக்கம்போலக் கடைப் படியில் உட்கார்ந்து வியாபாரத்தைக் கெடுக்கிறது.

அமெரிக்காவில் நாக்-அவுட் ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் எந்த அணி ஜெயிக்கும் என்று நீ கம்ப்யூட்டரில் கணித்து வைக்கும் ஷீட்டை இந்த வருடம் நானே நிரப்பினேன்.

"சோப்ளாங்கி டீமை நாப்பது பாயிண்ட்ல அடிச்சவன விட, பலமானவன மூணு பாயிண்ட்ல அடிச்சவன்தான்க்கா பெரியாளு" என்பாய். முட்டி போய்க் கபடியை விட்ட பிறகு நீ பிடித்துக்கொண்ட ஆட்டம் அது. ஒவ்வொரு அணிக்கும் பலத்துக்கு ஒரு எண். யார் ஊரில் ஆட்டமோ அவர்களுக்கு இரண்டு பாயிண்ட் கூடுதல். அவ்வளவுதான் உன் வித்தை, பாதிக்கு மேல் பலித்தது.

உன்னோடு கபடி ஆடிய பாபு அமெரிக்காவில் விளையாட்டுக் கணிப்புக் கம்பெனி ஒன்றில் இருந்தான். "கடைசி ஆட்டம் வரைக்கும் அனுப்புடா, மேனேஜர்கிட்ட காட்றேன். புடிச்சிருந்தா வீட்லருந்தே வேலை" என்றான். போன வருடம் நாக்-அவுட் நடந்த நாலு வாரமும் நீ கடையில் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தாய்.

இறுதிப் போட்டிக் கணிப்பை முடித்துவிட்டு, "அக்கா, அனுப்பிடு" என்று சொல்லி டீ வாங்கப் போனாய். கடைசி வரிசையில் சொந்த ஊர்க் கட்டம் காலியாக இருந்தது. அவசரத்தில் மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். நம் பக்கத்துக் கபடியில் போட்டி நடத்துகிற ஊரின் அணி எப்படியாவது இறுதிக்கு வந்துவிடும், ஊர்க்காரர்களின் கூச்சலே அதற்கு இரண்டு பாயிண்ட். அந்த நினைப்பில், மேலே பெயர் இருந்த அணிக்கு 2 போட்டு அனுப்பினேன். இறுதிப் போட்டியை இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத பொது ஊரில் வைப்பார்கள் என்று நான் எங்கே கண்டேன்?

உன் கணக்கில் இரண்டு அணிக்கும் ஒரு பாயிண்ட்தான் வித்தியாசம் இருந்தது. என் இரண்டு அதைப் புரட்டிப் போட்டது. நீ சொன்ன அணி ஜெயித்தது, நான் அனுப்பிய ஷீட்டில் தோற்ற அணிதான் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. "பொது மைதானம்னுகூட தெரியாதவன எப்டி வேலைக்கு எடுக்கறதுன்னு மேனேஜர் கேக்குறார்டா" என்று பாபு போனில் சொன்னான்.

நீ ஷீட்டைத் திறந்து அந்த 2-ஐ வெகுநேரம் பார்த்தாய். "இன்னாக்கா இது, நான் எப்டி இதப் போட்டேன்?" என்றாய். நான் யாருடைய பட்டாவையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். "சாப்டியா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன், வேலு.

அப்புறம் நீ ஷீட்டைத் தொடவே இல்லை. லோடு வண்டி ஓட்டப் போனாய். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நான் நாளைத் தள்ளினேன். உனக்கு முப்பத்தொரு வயதுதானே, என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன். ஐப்பசியில் மூன்றே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

நேற்று அந்தக் கட்டத்தை அழித்துவிட்டுப் பழைய ஷீட்டைப் பாபுவுக்கு அனுப்பினேன். 2 போட்டது நான்தான் என்று எழுதினேன். திட்டுவான் என்று இருந்தேன். போன் செய்தான். "அவன் சரியாத்தான்க்கா போட்டிருக்கான்" என்றான். பிறகு, "இது அவனுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டான்.

தெரியாது. உன் கைதான் தவறியது என்று நம்பிக்கொண்டே போய்விட்டாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லியிருந்தால் கோபித்திருப்பாயா, சிரித்திருப்பாயா?

டீக்கடையில் இன்னும் யாராவது, "வேலு கடைசில கோட்டை உட்டுட்டான்ல" என்கிறார்கள். இனி அது என் காதில் விழுந்தால், மெஷினை நிறுத்திவிட்டுப் போய், "அவன் இல்ல, நான்" என்று சொல்வேன். உன்னிடம் சொல்லாததற்கு அது ஈடாகாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

உன் கணக்கில் கை வைத்த,
உன் அக்கா