ஒருசந்தியும் கவுன் அளவும்

ஆவடி,
திங்கட்கிழமை

அன்பு மகள் ஜெபிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் நானும் அப்பாவும் சுகம், வெயில்தான் பங்குனியிலேயே மண்டையைப் பிளக்கிறது. நீயும் சுகம் என்று நினைத்திருந்தேன், ஆனால் வார்டில் டூட்டியின்போது நீ மயங்கி விழுந்ததை உன்கூடத் தங்கியிருக்கும் ரியா சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் பருப்புப் பொடி பார்சலில் இதையும் வைக்கிறேன். தவக்காலம், ஒருசந்தி இருக்கிறேன் என்றாய், சந்தோஷப்பட்டேன். ஒருசந்தி என்றால் ஒருவேளையாவது வயிறாரச் சாப்பிட வேண்டும், உனக்கு அந்த வேளையும் வெள்ளரிக்காயும் காப்பியும்தானாம். ஆண்டவருக்கு இருக்க வேண்டியதை இடுப்புக்கு இருக்கிறாய். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை ரெனிஷின் அத்தை, பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல கீதே என்று சொன்னது உன் மனதில் தைத்துவிட்டது, எனக்குத் தெரியும். எனக்கும் கோபம்தான், பந்தியில் அந்த அம்மா பக்கம் நான் பிரியாணியோடு இரண்டாம் தடவை போகவேயில்லை.

இளைக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவும் சர்க்கரைக்காக இளைத்தவர்தானே, ராத்திரிச் சோற்றைக் குறைத்து குவார்ட்டர்ஸ் கிரவுண்டில் நடந்து நடந்து ஒரு வருஷம் ஆனது, பேக்டரியில் ஒருத்தரும் கவனிக்கக்கூட இல்லை. முத்தாபுதுப்பேட்டைச் சித்தி மகள் பவித்ரா வெறும் ஜூஸைக் குடித்து மளமளவென்று இளைத்தாள், இப்போது பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறாள். பார்க்கப் போனபோது டாக்டரிடம் நானே கேட்டேன். வேகமாக இளைப்பது மட்டுமே தப்பில்லையாம், சிலருக்கு டாக்டர்களே கூட இருந்து செய்கிறார்களாம், கவனம் விட்டால் எப்படி இளைத்தாலும் எடை திரும்ப ஏறுமாம். ஆனால் தன்னிஷ்டத்துக்குப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் கரையும், முடி கொட்டும், கல்லும் வரலாம் என்றார். நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். பதறாத காரியம் சிதறாது.

சனிக்கிழமை பாடிக்குப் போய் டெய்லர் சுலோசனாவைப் பார்த்தேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணக் கவுன் அளவைக் காட்டி, இன்னாம்மா, இது ஒம்பொண்ணு அளவா, இல்ல ஸ்கூலு படிக்கசொல்ல எட்த்த அளவா என்று கேட்டாள். இப்போதைய அளவை விட்டுவிட்டு, ஈஸ்டருக்கு அப்புறம் ஆகப்போகிற அளவை எந்தக் கல்யாணப் பெண்ணாவது கொடுப்பாளா. உன் நிச்சயதார்த்த ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து இந்த அளவுக்கே வெட்டு என்றேன், என் கண்முன்னாலேயே வெட்டிவிட்டாள். அந்த சாட்டின் துணி கடையிலும் தீர்ந்துவிட்டதாம். இனிமேல் நீ இளைத்து வந்தால் கவுன் தோளில் நிற்காது. கோபம் வந்தால் வரட்டும், பீடத்து முன்னால் நீ மயங்கி விழுவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பூசையில் உங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கிறார்கள். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ரத்தப் பரிசோதனை செய்து ரிசல்ட்டை அனுப்பு. இதைப் படித்த கையோடு சோறு வைத்துப் பொடி போட்டுச் சாப்பிடு, ரியாவிடம் கேட்பேன்.

உன் அம்மா,
செலின் கிறிஸ்துராஜ்