நீ அனுப்பிய காரைப் பற்றிச் சில சந்தேகங்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அக்காவும் சுகம்தான். நீயும் சுகம் என்று நீயாகச் சொல்லிக்கொள்கிறாய், அதை அப்படியே நம்புகிற நிலையில் நான் இல்லை.

கார் வந்து சேர்ந்தது. வேறு நாட்டுச் சாலைக்கென்று செய்த வண்டியை இங்கே ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை என்று உன் அப்பாவுக்கு இப்போதுதான் தெரிகிறது. வண்டியைப் பதிவு செய்கிற அலுவலகத்தில் முன்விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிறது என்றார்கள், மாற்றினோம். திரும்பும்போது பின்னால் மின்னுகிற விளக்கு சிவப்பாக இருக்கக் கூடாது, மஞ்சளாக வேண்டும் என்றார்கள், அதையும் மாற்றினோம். இதற்கெல்லாம் அப்பா பிடித்து வந்த மெக்கானிக் தேனொழுகப் பேசுகிறவன், எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கழற்றுகிற சாமானையெல்லாம் என் கண்ணில் காட்டு என்று பட்டறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார். எல்லாம் முடித்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் வண்டி தேறவில்லை. சாவி போட்டதும், மோதினால் விரிந்து ஆளைத் தாங்குகிற காற்றுப் பைக்கான விளக்கு ஒரு தரம் எரிந்து அணைய வேண்டுமாம், இதில் எரியவே இல்லை. இவன்தான் எதையோ பிடுங்கி விற்றுவிட்டான் என்று நான் சத்தம் போட்டேன். அவன் ஸ்டியரிங் நடுவில் இருந்த மூடியைக் கழற்றிக் காட்டினான். உள்ளே பை இல்லை, மூடி மட்டும் புதிது, ஓரமெல்லாம் பசை. நான் எடுக்கலம்மா, வண்டி எங்கயோ பலமா மோதி அப்பவே பை வெடிச்சிருக்கு, வெளிய தெரியாம மூடியை ஒட்டி அனுப்பியிருக்காங்க என்றான். ஓட்டுகிறவர் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தான், ஓரிடத்தில் தேய்ந்து மினுங்கியது. ஆள் கனம் மொத்தமும் இதுலதான் விழுந்திருக்கும் என்றான். அவனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

அந்த வண்டியை உன்னைத் தவிர யாரும் தொட்டதில்லை என்று நீதானே பீற்றிக்கொண்டாய். புது வண்டி வாங்கப் போகிறேன், இது அப்பாவுக்கு என்றாய். எந்தப் புது வண்டி? பல மாதமாகப் போனில் குரல் மட்டும்தான் வருகிறது, கேட்டால் கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். அக்காவுக்குப் போன வாரம் எடுத்தது என்று ஒரு போட்டோ அனுப்பினாயே, அதில் நீ போட்டிருக்கிற நீலச் சட்டை இங்கே என் பீரோவில் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், அதுவும் பெற்றவளிடம். அப்பாவிடம் விளக்குக் கோளாறு என்று சொல்லிவைத்திருக்கிறேன், அவர் நம்பிக்கொண்டு தினமும் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிறார். புதுப் பை வரவழைத்துப் பொருத்தினால் தேறிவிடும் என்கிறான் மெக்கானிக். வண்டி தேறினால் தேறட்டும், போனால் போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணா. என்ன ஆகியிருந்தாலும் சொல், திட்டமாட்டேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்த அன்றே கேமராவைப் போட்டுக் கூப்பிடு. போனை மேஜைமேல் நிறுத்திவிட்டு, கதவருகே போய் நின்று, அங்கிருந்து என்னைப் பார்த்து நடந்து வா.

இப்படிக்கு,
கண்ணால் பார்க்காமல் நம்பாத
உன் அம்மா