உடம்பில் ஏறாத இரும்பு

இன்று காலை ஹோட்டல் டோபியில், அந்தச் சலவைக் கூடத்துப் புழுக்கத்தில், இஸ்திரிப் பெட்டியை ஈரத் தலையணை உறை மேல் வைத்ததும் துரு வாடை குப்பென்று அடித்தது. தண்ணீர் ஊற்றுகிற ஓட்டைக்குள் துருப் பிடித்திருக்கிறது. புதிதாக வந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, ஆணிய வறுக்கிற மாதிரி நாறுது" என்றாள். எனக்கு உன் மாத்திரை ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே நின்றதில் உறை கருகிப்போனது. சூப்பர்வைசர் சத்தம் போட்டார். போடட்டும், அவருக்கென்ன தெரியும்.

எதிர் மேசை உன்னுடையது. எட்டு வருசம் எதிரெதிரே நின்று துணி தேய்த்தோம். பீடோர்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தை விற்று எல்லாரையும் கிளப்பிவிட்ட பிறகு ஈப்போ அடுக்குமாடியில் ஒரே மாடிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். இங்கே வேலைக்கு மணி அடித்தால் நீ, "இரும்பு அடிச்சாச்சு, ஓடியா!" என்று கத்துவாய். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு ஆள் சேர்த்துக் கணக்கெடுக்க, மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைத்தானே அடிப்பார்கள். அதைக் கேட்டுப் பதறி எழுந்து வளர்ந்த நமக்கு எல்லா மணியும் இரும்புதான். மற்றவர்கள் முழிப்பார்கள். நமக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

காத்துக் கருப்பு அண்டாமலிருக்க உனக்கு எதற்கும் இரும்பு வேண்டும். கோழிக்கறி எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனால் டப்பா மேல் ஓர் ஆணி. வயிற்றில் பிள்ளை இருந்தபோது இடுப்பில் சாவிக்கொத்து. நான் கிண்டல் செய்தால், "ஒனக்கென்னடி, மனசே இரும்பு. எனக்கு வெளியிலேருந்துதான் வேணும்லா" என்பாய். பழைய இரும்பு வாங்கும் லாரி ஒலிபெருக்கியோடு நம் கட்டடத்தைச் சுற்றி வந்தால், "ஒன்னத்தான் கூப்புடுறான், போய் ஏறிக்க" என்று என்னை விரட்டுவாய். வாய்க்கொழுப்பு உனக்கு.

அப்படிப்பட்டவளுக்கு இரத்தத்தில் இரும்புச் சத்து போதாதென்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். "நாள் முழுக்க இரும்பப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன், ஒடம்புல மட்டும் இல்லையாம்டி!" என்று வந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். மாத்திரை கொடுத்தார்கள். அதன் வாடை உனக்கு ஆகவில்லை, குமட்டியது. பத்து மணி ஓய்வில் நான்தான் முக்குக் கடையில் கெட்டியாகத் தேத்தண்ணி பொட்டலம் கட்டி வாங்கி வருவேன். அந்தச் சூட்டோடு மாத்திரையை விழுங்கிவிடுவாய்.

இரண்டு மாதமாகியும் இரத்தம் ஏறவில்லை. மாத்திரை சாப்பிடாமலே சாப்பிட்டதாகப் பொய் சொல்கிறாய் என்று கிளினிக்கில் ஊசி போடும் மிஸ்ஸி ஒருத்தி உன்னைக் கடிந்துகொண்டாள். கண் கலங்கி வந்தாய். எனக்கு வந்ததே கோபம்! அடுத்த தடவை கூடவே வந்து, "யார பொய்காரின்னு சொல்றீங்க?" என்று சண்டைக்கு நின்றேன். வயதான தமிழ் மிஸ்ஸி ஒருவர் என்னை உட்காரவைத்து, "எதுலம்மா முழுங்குறீங்க?" என்று உன்னைக் கேட்டார். "தேத்தண்ணியிலதான்" என்றாய். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தேத்தண்ணியோட குடிச்சா அந்த இரும்பு ஒடம்புல சேராதும்மா." நாம் இருவரும் திருட்டுப் பூனைகளாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றோடு தேத்தண்ணிக்குத் தடை. எலுமிச்சைச் சாறுதான். நான் உனக்குக் கங்காணி ஆனேன். கொஞ்சம் இரத்தம் ஏறவும் செய்தது. ஏதோ நானே ஏற்றிவிட்ட மாதிரி எனக்குப் பெருமை.

பிறகு மறுபடியும் இறங்கியது, முன்னைவிட மோசமாக. நான்கு மாடி ஏறுவதற்குள் நான்கு இடத்தில் உட்கார்ந்தாய். கிளினிக் தாளை நீட்டினாய். நான் அதை முழுக்கப் படிக்கக்கூட இல்லை.

"மறுபடியும் தேத்தண்ணி குடிச்சியாடி?"

"இல்லடி. சத்தியமா குடிக்கல."

"பொய் சொல்லாத. கடையில ஒன்னப் பாத்தேன்."

"அவருக்கு வாங்குனேன்டி."

"கத வுடாத."

எந்தச் சொல்லுக்காக ஊரான் முன்னால் சண்டைக்கு நின்றேனோ, அதே சொல்லை என் வாயாலேயே சொன்னேன். நீ தாளை மடித்துக்கொண்டு உன் வீட்டுக்குள் போய்விட்டாய்.

மூன்று வாரம் எதிரெதிரே நின்று பேசாமல் துணி தேய்த்தோம். நீ வந்து ஒத்துக்கொள்வாய் என்று வீம்பாக இருந்தேன். வயிற்று வலியோ வேறெதுவோ, நீ வேறு யாரிடமும் சொல்ல மாட்டாய், என்னிடம்தான் சொல்வாய். அந்த மூன்று வாரம் உனக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தால் உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருப்பேன். காட்டியிருந்தால் பிழைத்திருப்பாயா என்று யாருக்கும் தெரியாது. எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

நீ மேசையிலேயே மயங்கி விழுந்தாய். குடலில் கட்டி, அங்கிருந்து வெகுநாளாக இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். நான் பார்க்க வந்தபோது உன் வாயில் குழாய், கண் மூடியிருந்தது. உன் காலைப் பிடித்துக்கொண்டு, டோபிக்குப் புதுப் போர்வை வந்திருக்கிறது, உன் மேசையை யாருக்கும் கொடுக்கவில்லை என்று என்னென்னவோ உளறினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லத் துணிவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். நம் சண்டை அவருக்குத் தெரியாது. நீ அவரிடம்கூடச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரியில மொத நாளு, கொழா வைக்கிறதுக்கு முன்னாடி, வாயி கசக்குதுன்னா, தங்கச்சி. ஒரு வாய் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தேன். மொகத்தத் திருப்பிக்கிட்டா. 'வேணாங்க, அவ திட்டுவா. நான் குடிக்கலன்னு அவகிட்ட நீங்களாவது சொல்லுங்க'ன்னா. ஏன் அப்படிச் சொன்னான்னு எனக்கு விளங்கலம்மா."

"சொல்றேன், அண்ணே" என்றேன். அது ஏனென்று இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.

அடியே, உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. நீ திட்ட வேண்டும், என்னை லாரியில் ஏறிக்கொள்ளச் சொல்ல வேண்டும். டோபியில் யாராவது ஒரு பெண் "இல்லக்கா, நான் செய்யல" என்று சொன்னால், இப்போதெல்லாம் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. அதற்கு மேல் என்னால் ஆவது ஒன்றுமில்லை. நீ அவரிடம் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. நீ குடிக்கவில்லை. நான் நம்புறேன்டி.